ஏழாவது அடுப்பு

சரவணா,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனசு வரவில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் இல்லை என்பதும் தெரியும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். மாமா கடையில் இருக்கும்போது பிரிக்காதே, தனியாக உட்கார்ந்து படி. பாதியில் கிழித்துப் போட வேண்டும் என்று தோன்றும். தாராளமாகக் கிழி, ஆனால் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிழி. உன் அப்பன் இத்தனை வருஷமாக ஊரார் வீட்டு டிவியையும் ரேடியோவையும் பிரித்துப் பார்த்து, தப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவன். தன் தப்பைச் சொல்வது இதுதான் முதல் தடவை. அதனால் சொல்லத் தெரியாமல் சொல்லுவேன்.

போன வாரத்துக்கு முந்தின வாரம், அரக்கோணத்தில் மாமா கடைக்கு எதிர் பூத்திலிருந்து பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டு அம்மாவிடம் பேசினாயே, அன்றைக்கு ஆரம்பித்தது. மறைமலை நகரில் கார் சாமான் செய்யும் கம்பெனியில், தரப் பரிசோதனைக்கு உன்னை வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. உன் ஐ.டி.ஐ. சிநேகிதன் சொல்லி வைத்த வேலை. அம்மா அந்தக் கவரை முருகன் படத்துக்கு முன்னால் வைத்து இரண்டு நாளாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நீ வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்: "இன்னா சொல்றான் தெரியுமா உன் புள்ள? என் கையெழுத்த நம்பி இன்னொரு வூட்டுல தீ புடிக்க வாணாம்மா, நான் இங்கியே மூட்ட தூக்கிக்கினு கெடக்கறேன்றான். இருவத்து மூணு வயசுல பேசுற பேச்சாய்யா இது?" நான் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். குழம்பில் உப்பு அதிகமோ என்று அம்மா கேட்டாள். இல்லை என்று சொல்லிக் கை கழுவினேன்.

அந்தத் தீ உன்னால் பிடிக்கவில்லை, சரவணா. என்னால் பிடித்தது. அது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தும் உன்னை வேலையிலிருந்து அனுப்பும்போது வாயை மூடிக்கொண்டு நின்றேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு எப்படி என்று சொல்கிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் நடுவில் எங்கேயாவது எனக்குச் சாதகமாக ஒரு வளைவு வைத்துவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும்.

அந்தப் புத்தி புதிதாக வந்ததில்லை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் டிவி கடை வைத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கேதான் வருவாய். ஒரு தடவை வாத்தியார் ஒருவருடைய டிவியில் நான் மீட்டரைத் தவறான இடத்தில் வைத்து, பிக்சர் டியூபைப் போக்கிவிட்டேன். அவர் வந்து கேட்டபோது, "இடி எறங்கியிருக்கு சார், உங்க ஏரியாவுலயே நாலு செட்டு போச்சு" என்றேன். கூசாமல் வந்தது. அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நீ பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாய், என்னைப் பெருமையாகப் பார்த்தாய். அதே வருஷம், ஆறாம் வகுப்பில்தான் நீ பந்தடித்து எதிர் வீட்டு டியூப் லைட்டை உடைத்தாய். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் நீயே போய்க் கதவைத் தட்டி, "நான்தான் ஒடச்சேன்" என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாய். 'பிழைக்கத் தெரியாத பிள்ளை' என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. உனக்கு அவள் குணம், சரவணா. அதற்காக இன்றைக்கு நிம்மதிப்படுகிறேன்.

கடை படுத்து, ஒரகடம் ரோட்டில் இண்டக்‌ஷன் அடுப்புக் கம்பெனி வந்தபோது, எனக்கு ரீவொர்க் டேபிளில் வேலை கிடைத்தது. மறு வருஷம் நீ டிரெய்னியாக ஃபைனல் டெஸ்டுக்கு வந்தாய். அப்பனும் மகனும் ஒரே ஷிஃப்ட் பஸ்ஸில் போய் வந்த அந்த ஒன்றரை வருஷம்தான் நம் வீட்டின் நல்ல காலம். டெஸ்டில் பாஸ் ஆன செட்டின் ஷீட்டில் குத்த உனக்குக் கொடுத்த முத்திரை நம்பர் பதினான்கு. அதை வாங்கி வந்த அன்றைக்கு அம்மாவின் உள்ளங்கையில் மையோடு அழுத்திக் காட்டினாய். அவள் இரண்டு நாள் அதைத் தேய்த்துக் கழுவவில்லை.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். ஆனாலும் இந்த இடத்தை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு இங்கேதான் இருக்கிறது. லைனில் ஓட விடும்போது அடுப்பு எரர் காட்டினால் அந்த செட் என் டேபிளுக்கு வரும். கண்ட்ரோல் போர்டு கெட்டுப் போயிருக்கலாம், அல்லது கண்ணாடிக்கு அடியில் பாத்திரத்தின் சூட்டைப் பார்க்கிற சென்சார் கெட்டுப் போயிருக்கலாம். இரண்டுக்கும் ஒரே எரர்தான் வரும். புதிதாக வந்தவர்கள் உடனே போர்டை மாற்றுவார்கள். நான் மாற்ற மாட்டேன். சென்சாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, போர்டில் அது செருகியிருந்த இரண்டு துளையில் அரிசி அளவு ரெசிஸ்டர் ஒன்றைச் செருகுவேன். பழுப்பு, கறுப்பு, மஞ்சள் கோடு போட்டது. அது இருந்தால் பாத்திரம் ஆறிக் கிடக்கிறது என்று போர்டு நம்பிவிடும். எரர் போய்விட்டால் போர்டு நல்ல போர்டு, சென்சார்தான் போயிருக்கிறது. போகாவிட்டால் போர்டில் கோளாறு. ஒரு நிமிஷ வேலை. ஒரு நிமிஷத்தில் போர்டின் மேல் தப்பில்லை என்று காட்டத் தெரிந்தவன், பெற்ற பிள்ளைக்காக அதைச் செய்யவில்லை.

ரெசிஸ்டர் சோதனைக்கு மட்டும்தான். பார்த்ததும் பிடுங்கிவிட வேண்டும். அதோடு மூடினால் அந்த அடுப்புக்குச் சூடு தெரியாது, எத்தனை கொதித்தாலும் தானாக நிற்காது. இது எனக்குத் தெரியாத விஷயமா? செப்டம்பர் கடைசி வாரம் ஸ்டோரில் சென்சார் தீர்ந்துவிட்டது. மாசக் கடைசி, என் ரேக்கில் செட் தேங்கி நின்றது. "அண்ணே, இன்னிக்கு உங்க பெண்டிங் ஜீரோ காட்டணும், நான் மேல பதில் சொல்லணும்" என்று சூபர்வைசர் மணிக்கு ஒரு தடவை வந்து நின்றார். நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். ஏழு செட்டில் ரெசிஸ்டரைச் செருகி அப்படியே மூடி, தனித் தட்டில் அடுக்கி, முடிந்தது என்று எழுதிவிட்டேன். சென்சார் வந்ததும் திறந்து மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அதற்கு முன்னாலும் இரண்டு தடவை இப்படிச் செய்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதால்தான் மூன்றாவது தடவை கை கூசவில்லை.

இரண்டு நாள் கழித்து சென்சார் வந்தது. தட்டைப் பார்த்தால் ஆறு செட்தான் இருந்தது. அடுத்த ஷிஃப்ட்காரர்கள் ஒன்றை டெஸ்டுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். ஆறையும் மாற்றினேன். ஏழாவதைத் தேடினேன். சத்தமில்லாமல் தேடினேன், அதுதான் என் குற்றம். ஒரு வார்த்தை வெளியே சொல்லியிருந்தால் குடோனில் இருந்த ரீவொர்க் செட்டையெல்லாம் இறக்கித் திறந்திருப்பார்கள். என் கெட்டிக்காரத்தனமும் அதோடு திறந்திருக்கும். அதை ஸ்க்ராப்பில் போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உன்னோடு உட்கார்ந்து கிரிக்கெட் கூடப் பார்த்தேன்.

ரீவொர்க் செட்டைக் கம்பெனி கடைக்கு அனுப்பாது, ஆயுத பூஜைக்கு நம் ஆட்களுக்கே விற்றுவிடும். அது உனக்கும் தெரிந்த வழக்கம். அன்றைக்குக் காலையில் என் மீட்டருக்கும் சால்டரிங் அயர்னுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பொரி கடலை கொடுத்தார்கள். கேன்டீனுக்கு வெளியே மேஜை போட்டு நாற்பது அடுப்பை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அந்த நாற்பதில் அது இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். காலிப் பாத்திரத்தை வைத்து ஓட விட்டால், நல்ல அடுப்பு இரண்டு நிமிஷத்துக்குள் தானாக நின்றுவிடும். ஒன்றரை மணி நேரம் நின்றிருந்தால் நாற்பதையும் பார்த்து முடித்திருப்பேன். யாராவது ஏன் என்று கேட்பார்களே என்று நிற்கவில்லை. அப்போது பேச்சியம்மாள் வந்தாள். காயில் செக்‌ஷனில் இருந்த சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், நம் வடக்குப்பட்டில் இரண்டாவது தெருவில் மூன்று பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தவள். இந்த ஊர் ரேஷன் கார்டு இல்லாததால் அவர்களுக்கு கேஸ் கிடைக்கவில்லை, கிருஷ்ணாயில் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். "அண்ணாச்சி, நல்லதா ஒண்ணு பாத்து எடுத்துத் தாங்களேன்" என்றாள். "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவது போல கேன்டீனுக்குள் போய்விட்டேன். அவளே ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் அப்பளம் பொரிக்க எண்ணெய் வைத்திருக்கிறாள், தெருக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ கத்தியிருக்கிறார்கள், குடத்தோடு ஓடியிருக்கிறாள். திரும்பி வந்தபோது சட்டி தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. தூக்கி வெளியே எறியப் பார்த்து, வலது கையிலும் கழுத்திலும் கொட்டிக்கொண்டாள். அலறல் கேட்டு நாம் இரண்டு பேரும்தான் ஓடினோம். நீ போர்வையைப் போட்டு அவளைச் சுற்றினாய், மணலை அள்ளிக் கொட்டினாய், ஆட்டோவைப் பிடித்து வந்தாய். நான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடியில் ரீவொர்க் ஸ்டிக்கர் இருந்தது. எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. "இன்னாப்பா நின்னுக்கினு கீற, வண்டில ஏறு" என்று நீ என்னைப் பார்த்துக் கத்தினாய். ஏறவில்லை. கால் வரவில்லை என்று உன்னிடம் பிறகு சொன்னேன். அது உண்மைதான், ஆனால் நீ நினைத்த காரணத்தால் இல்லை.

மூன்றாம் நாள் எரிந்த அடுப்பை பிளாஸ்டிக் கவரில் போட்டு மேனேஜர் ரூமில் வைத்திருந்தார்கள். திறந்து காரணம் சொல்ல யாரைக் கூப்பிட்டார்கள்? என்னைத்தான். அனுபவஸ்தன் அல்லவா. மேனேஜர், சூபர்வைசர் இரண்டு பேரும் இருந்தார்கள். உன்னை வரச் சொல்லியிருந்தார்கள், நீ கதவுக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நாலு ஸ்க்ரூவைக் கழற்றி அடி மூடியை எடுத்தேன். புகை படிந்த போர்டில், சென்சாரின் இடத்தில், என் ரெசிஸ்டர் இருந்தது. சென்சாரின் பிளக் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜருக்குப் போன் வந்தது, அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். சூபர்வைசர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெசிஸ்டரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பின்னால் போட்டேன். பிளக்கை அதன் இடத்தில் செருகினேன். சென்சாரை விரலால் கொஞ்சம் கீழே இறக்கினேன். அரை நிமிஷம் கூட ஆகியிருக்காது. கை நடுங்கவே இல்லை, சரவணா. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேனேஜர் போனை வைத்துவிட்டு, "சொல்லுங்க, என்ன ஃபால்ட்?" என்றார். "போர்டுல ஒண்ணுமில்ல சார். சென்சார் எறங்கியிருக்கு, கண்ணாடியில படல. அதான் சூடு தெரியல" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ட்ரை டெஸ்ட் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும் சார்" என்று சேர்த்தேன். அந்த செட்டின் டெஸ்ட் ஷீட்டை எடுத்துப் பார்த்தார்கள். காலிப் பாத்திர டெஸ்ட் சரி என்ற கட்டத்தில் பதினான்காம் நம்பர் முத்திரை இருந்தது. "யாரு இது?" என்றார் மேனேஜர். "நான்தான் சார்" என்றாய். காலிப் பாத்திரத்தை யாருமே வைப்பதில்லை, நேரம் ஆகிறது என்று சூபர்வைசரே தண்ணீர் வைத்து ஓட்டச் சொல்லிவிட்டார். தண்ணீர் நூறு டிகிரிக்கு மேல் போகாது, அதில் எந்த அடுப்பும் பாஸ்தான். இதெல்லாம் அந்த ரூமில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நீ அதைச் சொல்லவில்லை. சூபர்வைசரை ஒரு தடவை பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். நான் ஸ்க்ரூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். முத்திரையை மேஜையில் வைத்துவிட்டுப் போனாய்.

அன்றைக்கு சாயங்காலம் ஷிஃப்ட் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாய். பஸ் வல்லத்தைத் தாண்டியது. பிறகு, "சாரிப்பா. உன் பேரக் கெடுத்துட்டேன்" என்றாய். நான் உன் முதுகில் தட்டி, "பரவால்ல, வுடுடா" என்றேன். நான் உன்னை மன்னித்தேன், சரவணா. அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இப்போதும் பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போல இருக்கிறது. உனக்கு அது ஆறுதலாக இருந்ததோ என்னவோ, என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாய். ஊர் வரும் வரை எடுக்கவில்லை. மறுநாள் அம்மா சட்டையைத் துவைக்க எடுத்தவள், "பாக்கெட்டுல கம்பி மாரி இன்னாவோ கீதுய்யா" என்று காட்டினாள். "வேஸ்ட் பார்ட்டு, தூக்கிப் போடு" என்றேன். போட்டாள். உன்னை ஏன் காட்டிக் கொடுத்தேன் என்று பல தடவை எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் போனால் வீடு என்ன ஆகும், நீ சின்னப் பிள்ளை, வேறு வேலை கிடைக்கும், இப்படி. எல்லாம் பொய். பயந்தேன், அவ்வளவுதான். இத்தனை பேருக்கு முன்னால் கெட்டிக்காரன் இல்லை என்று ஆகிவிடுமே என்று பயந்தேன்.

நீ போன் பேசிய வாரக் கடைசியில், சொந்த வேலை என்று லீவு போட்டுவிட்டு சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஒரு மினி பஸ். வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை, "கை வெந்த பிள்ளை வீடா?" என்று கேட்டுக் காட்டினார்கள். பேச்சியம்மாள் இடது கையால் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வலது கை விரல்கள் மடங்குவதில்லை. கழுத்தைத் துணியால் மூடியிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய அம்மா ஆரம்பித்துவிட்டார்: "என்னத்தச் சொல்ல, இவளத்தான் சொல்லணும். அடுப்புல எண்ணெயக் காய வச்சிட்டு குழாயடிக்குப் போவாளா ஒருத்தி? கூறு இருக்கா?" அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்டுக் கேட்டுப் பழகியது போல இருந்தது. அப்போதே சொல்லிவிட்டேன். இங்கே உனக்கு எழுதியதை எல்லாம் அப்படியே சொன்னேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள். "அப்ப அது தானா நின்னிருக்கணுமா அண்ணாச்சி?" நின்றிருக்க வேண்டும் என்றேன். "நானும் அப்பிடித்தான நெனச்சேன். தானா அணைஞ்சிரும்னு ஸ்டிக்கரே நாங்கதான ஒட்டுவோம். அத நம்பித்தான போனேன். எம்மா, கேட்டியா? எனக்குக் கூறில்லாம இல்ல. கேட்டியாம்மா?" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். எட்டு மாசமாக அந்த வீட்டில் எல்லோரும் அவளைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள், அவளும் நம்பியிருக்கிறாள். அரக்கோணத்தில் நீ, அங்கே அவள், இரண்டு பேரும் என் தப்பைத் தூக்கிச் சுமந்திருக்கிறீர்கள். நான் மட்டும் ஒழுங்காக மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் அம்மா என் பக்கம் திரும்பி, "எந்திரிங்க. போயிருங்க" என்றார். எழுந்தேன். செருப்பை மாட்டும்போது பேச்சியம்மாள் வாசலுக்கு வந்தாள். "சரவணன் அண்ணன்ட்ட சொல்லிட்டியளா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். "மொதல்ல அங்கல்லா சொல்லியிருக்கணும். ஆஸ்பத்திரியில அண்ணன் தெனமும் வந்து கால்மாட்டுல நிப்பாவ. ஸ்டூலு கெடக்கும், ஒருநாளும் உக்காந்ததில்ல" என்றாள். மினி பஸ் வரும் வரை ஒரு புளிய மரத்தடியில் நின்றுகொண்டு நானும் அழுதேன். பார்க்க ஆள் இல்லை.

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டு முடித்துவிட்டு முறத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு, "அந்தக் கம்பி மாரி இருந்துதே, அதுவா?" என்றாள். ஆமாம் என்றேன். "என் கையாலயே தூக்கிப் போட வச்சியேய்யா" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறாள்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை, மகனுக்காகப் பொய் சொல்கிறேன் என்றார். பார், பொய் சொன்னபோது உடனே நம்பினார்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கேட்டில் ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். போலீஸ் வரை போகலாம் என்றார்கள், போகட்டும். நான் எழுதிக் கொடுத்ததற்கு நகல் எடுத்து பேச்சியம்மாளுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன், கம்பெனியிடம் அவள் உரிமையோடு கேட்க அது உதவும். இன்னொரு நகல் இந்தக் கவரில் இருக்கிறது. மறைமலை நகரில் பழைய வேலையைப் பற்றிக் கேட்டால் காட்டு. இதை எழுதியவர் யார் என்று கேட்பார்கள். என் அப்பா என்று சொல்ல உனக்குக் கஷ்டமாக இருந்தால், கூட வேலை பார்த்தவர் என்று சொல்.

உன் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நீ நம்ப மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். செய்யாத டெஸ்டுக்கு முத்திரை குத்தினாய். அது தப்புதான். அந்த அளவுக்கு மட்டும் வைத்துக்கொள், அதற்கு மேல் ஒரு துளி கூட உன்னுடையது இல்லை. இனி உன் கையில் முத்திரை வரும்போது, எவன் நேரமில்லை என்று சொன்னாலும் பார்க்காததற்குக் குத்தாதே. வற்புறுத்தினால் அவனையே கையெழுத்துப் போடச் சொல். ஒரு தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் திட்டோடு போயிருக்கும், மிஞ்சினால் மெமோ கொடுத்திருப்பார்கள். மூன்று வாரம் கழித்துச் சொல்லியிருந்தாலும் அந்தப் பெண்ணின் கை பிழைத்திருக்கும். இதெல்லாம் உனக்கு ஆறாம் வகுப்பிலேயே தெரிந்த விஷயம். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றுகிறது, ஆனாலும் அப்பனுக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அந்த வேலைக்குப் போ. வருகிற பத்தாம் தேதிக்குள் வரச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் நாள் இருக்கிறது. மறைமலை நகருக்கு அரக்கோணத்திலிருந்து போய் வர முடியாது, ரூம் எடுக்கவும் வேண்டாம், நம் வீட்டிலிருந்தே போகலாம். அம்மா உன் கட்டிலில் புது விரிப்புப் போட்டு வைத்திருக்கிறாள். நான் இருக்கிறேனே என்று நீ வராமல் இருந்துவிடாதே. ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு லாரி ஷெட்டில் வாட்ச்மேன் வேலை கேட்டிருக்கிறேன், அங்கேயே தங்க இடம் தருவார்களாம். நீ என்றைக்கு வருகிறாய் என்று அம்மாவிடம் மட்டும் சொல். அதற்கு முந்தின நாளே நான் போய்விடுகிறேன்.

அப்பா